திரும்பும் அம்பு

பின்னிரவு ஒன்றரை.
ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே ஏழு கட்டை கிரவல் றோட்டு.
தவமலர் ரோச் லைற்றை என் கைக்குப் பிடிக்கிறாள்,
மாட்டின் முகத்துக்கு அல்ல.
அவளுக்கு அதைப் பார்க்க விருப்பமில்லை.

ஜேர்சிக் கலப்பு. மூன்றாம் ஈத்து. மாலையில்தான் கண்டு போட்டது.
இப்போது கழுத்தை வளைத்துத் தன் விலாவிலேயே
முகத்தைப் பதித்துக் கிடக்கிறது.
காது சில்லிட்டிருக்கிறது. மூக்கு ஓட்டாஞ்சில்லு.

இரத்தத்திலிருந்த கல்சியத்தையெல்லாம்
மடி கேட்டு வாங்கிவிட்டது.
நரம்பு வாயெடுக்கிறது;
சொல் வெளியே விழுவதற்கும் கல்சியம் வேண்டும்.

போத்தலைச் சட்டி வெந்நீரில் வைத்து
உடற்சூட்டுக்குக் கொண்டுவருகிறேன்.
ஊசி கழுத்து நாளத்தில். மெதுவாக.
ஒரு காதில் அதன் இதயம்.
அவசரப்பட்டால் இதே மருந்து
இதயத்தை இறுக்கி நிறுத்தும்.

பன்னிரண்டு நிமிடம் பிடித்து நிற்க வேண்டும்.
எதையாவது நினைத்தே ஆகவேண்டும்.
நான் கலத்தை நினைப்பேன்.

கலத்துக்குக் கல்சியம் என்றால் பயம்.
வெளியே பத்தாயிரம் என்றால்
உள்ளே ஒன்றுதான் அலையலாம்.
மிச்சத்தைப் பிடித்துச் சுவருக்கு வெளியே தள்ளும்,
அல்லது உள்ளறையின் மடிப்புகளில் பூட்டிவைக்கும்.
தங்கவிட்டால் பொசுபேற்றோடு கூடி
உயிரோடு எலும்பாகிப் போகும்.

இப்படி அஞ்சி அஞ்சிக் காத்த வெறுமைதான்
அதன் காது.

தூதன் வருகிறான்.
மூளையின் அடியிலிருந்து இரத்தத்தில் மிதந்துவரும்
ஒன்பது மணி கோத்த சிறு சரம்.
உள்ளே வருவதில்லை. படலையில் கையை வைப்பதோடு
அவன் வேலை சரி.
படலைச் சட்டத்திலிருந்தே ஒரு துண்டு கழன்று
உள்ளுக்கு ஓடுகிறது,
பூட்டிய அறையின் கதவுகளைத் தட்ட.
திறக்கின்றன.
முத்தையன்கட்டில் துருசு திறக்கும் காலையில்
வாய்க்கால் முதலில் இரைந்து
பிறகுதானே நனையும், அப்படி.
இல்லை, அதைவிட வேகம்.
கலத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு
அலை.

ஓய்கிறது. மறுபடி எழுகிறது.
எவ்வளவு என்பதில் மட்டுமல்ல,
எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பதிலும்
செய்தி இருக்கிறது.

பேராதனையில், பரீட்சைத் தாளில் இதை வரைந்தேன்.
பதினொரு அம்புக்குறி. இரண்டு புள்ளி போனது:
கல்சியத்தை அள்ளித் திரும்ப உள்ளறைக்கு ஏற்றும்
பம்பியின் அம்பை மறந்துவிட்டேன்.

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.
தவமலர் சொல்கிறாள்:
"அண்டைக்கும் வந்தவை உள்ளுக்கு வரேல்லை, டொக்டர்.
படலையிலை நிண்டு பேரைச் சொல்லிப்போட்டுப் போட்டினம்.
வீடு முழுக்க எழும்பிட்டுது."

எந்த அண்டைக்கு என்று நான் கேட்கவில்லை.
எழும்பியது இன்னும் இறங்கவில்லை.
அவள் கையிலிருக்கும் வெளிச்சம் ஆடுகிறது.

போத்தல் தீர்கிறது.
விலாத் தோலில் முதல் நடுக்கம்,
ஈ விரட்டுவதுபோல். ஈ இல்லை.
பிறகு ஏப்பம். பிறகு சாணி.
இந்த இரண்டையும்போல இனிய சத்தம் எனக்குத் தெரியாது.
முழங்காலில் நின்று, பின்புறம் தூக்கி,
ஒருமுறை சரிந்து,
எழுந்துவிட்டது.

கண்டு போய் மடியை முட்டுகிறது.
முட்டிய இடத்திலிருந்து மூளைக்குப் போயிருக்கும்;
அங்கிருந்து தூதன் புறப்பட்டிருப்பான்.
பால் இறங்க ஒரு நிமிடம் எடுக்கும்.
"முழுசாக் கறந்துபோடாதேங்கோ, நாளைக்கும்," என்கிறேன்.
"கொஞ்சம் உள்ளுக்கு நிக்கட்டும்."

மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது
வரைபடத்தை மனதில் மறுபடி வரைகிறேன்.
இம்முறை அந்த அம்பை முதலில் போடுகிறேன்.
அள்ளி வைத்தால்தான்
அடுத்த தட்டல் கேட்கும்.

வளைவில் திரும்பிப் பார்க்கிறேன்.
படலையில் ரோச் வெளிச்சம்
அணைகிறது, எரிகிறது,
அணைகிறது.
பற்றறி போயிருக்கலாம்.